உனக்கு நீந்தத் தெரியுமா?

அந்தப் பாரத்தில் எட்டுக் கேள்விகள் இருந்தன. பெயர், வயது, அவசர வேளையில் அழைக்க வேண்டிய தொலைபேசி எண், ஒவ்வாமை ஏதும் உண்டா என வரிசையாகக் கேட்டிருந்தார்கள். ஆறாவது கேள்வி மிகச் சிறியது: 'உங்களுக்கு நீந்தத் தெரியுமா?' பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஒரு கணம் தயங்கினேன். பிறகு 'தெரியும்' என்ற கட்டத்தில் குறியிட்டு, கீழே கையொப்பமும் இட்டேன்.

எனக்கு நீந்தத் தெரியாது.

இது நடந்தது நியூசிலாந்தில். அப்போது நான் பாமர்ஸ்டன் நார்த் நகரில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் விடுதியில் மலேசிய மாணவர்கள் சிலர் இருந்தோம். நாங்கள் ஒருவரையொருவர் ஊர்ப் பெயராலேயே அழைத்துக்கொள்வது வழக்கம். என் அறைத்தோழன் 'தைப்பிங்'. எங்களைவிட இரண்டு வயது மூத்த அக்கா 'கிள்ளான்'. சீனத் தோழி ஒருத்தி 'மூவார்'. நான் 'சித்தியவான்'.

எங்கள் ஊரின் பெயருக்கு ஒரு கதை உண்டு. மலாய்மொழியில் 'செத்தியா காவான்' என்றால் உண்மை நண்பன் என்று பொருள். ஆற்றுச் சேற்றில் சிக்கிய ஒரு யானையை விட்டுப் பிரிய மறுத்து, கூடவே நின்றதாம் இன்னொரு யானை. அந்தச் சொற்களே நாளடைவில் சித்தியவான் ஆயின என்பார்கள். தைப்பிங் இந்தக் கதையைச் சொல்லி என்னை அடிக்கடி கேலி செய்வான். "இவன் யானை ஊர்க்காரன். சேற்றில் விழுந்தாலும் நம்மை விட மாட்டான்" என்பான்.

அக்டோபர் மாதத்தின் நான்காவது திங்கள்கிழமை அங்கே தொழிலாளர் தினம். சனி, ஞாயிற்றோடு சேர்த்து மூன்று நாள் விடுமுறை. வாங்கனூய் ஆற்றில் கேனோ படகில் மூன்று நாள் பயணம் போகலாம் என்று கிள்ளான் அக்கா சொன்னபோது எல்லாரும் துள்ளிக் குதித்தார்கள். நானும் குதித்தேன்.

சித்தியவானில் எங்கள் வீட்டிலிருந்து டிண்டிங் ஆறு அதிகத் தொலைவில் இல்லை. ஆனால், அம்மா என்னை ஆற்றங்கரைப் பக்கமே விட்டதில்லை. அம்மாவின் தம்பி, எனக்கு மாமா, பதினொரு வயதில் ஆற்றோடு போனவர். அவருடைய படம் எங்கள் வீட்டுச் சாமி அறையில் இருக்கிறது. பள்ளியில் நண்பர்கள் நீச்சல் பழகப் போனபோதெல்லாம் நான் ஏதாவது காரணம் சொல்லி நழுவிவிடுவேன். அம்மாவின் பயம் மெல்ல மெல்ல என் பயமாகவும் ஆகிவிட்டது. இருபது வயது இளைஞன், அதுவும் ஆற்றங்கரை ஊர்க்காரன், தனக்கு நீந்தத் தெரியாது என்று எப்படிச் சொல்வான்? அதனால்தான் அந்தக் கட்டத்தில் பொய்க் குறியிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஒஹாகுனே என்ற சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோது முகத்தில் அறைந்ததுபோல் குளிர் வந்து மோதியது. புல்நுனிகளில் வெண்பனி உறைந்திருந்தது. எதிரே ருவாபெஹு மலை தலை முழுதும் பனியோடு நின்றது. 2,797 மீட்டர் உயரமுள்ள அந்த எரிமலைதான் நியூசிலாந்தின் வடக்குத் தீவில் மிக உயர்ந்த சிகரம்.

"இதுதான் வசந்த காலமா?" என்று மூவார் பற்கள் நடுங்கக் கேட்டாள்.

"ஆமாம். மலையில் பனி உருகத் தொடங்கியிருக்கிறது அல்லவா? அந்தத் தண்ணீரும் மழைத் தண்ணீரும்தான் ஆற்றில் வருகின்றன. காற்று சூடாகிவிடும், தண்ணீர் சூடாக நாளாகும்" என்றார் அக்கா.

நம் நாட்டில் மழையும் வெயிலும்தான் நமக்குத் தெரிந்த பருவங்கள். வசந்தம் என்றதும் மலர்களைத்தான் நான் கற்பனை செய்து வைத்திருந்தேன். பூக்களும் இருந்தன, உண்மைதான். ஆனால் பூ பூத்துவிட்டதால் ஆறு குளிர்ச்சியை விட்டுவிடுவதில்லை என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

படகு வாடகைக்குத் தந்தவர் எங்களை வகாஹோரோ என்ற இடத்திற்குத் தம் வண்டியில் அழைத்துச் சென்றார். அங்கிருந்து பிப்பிரிக்கி வரை ஏறத்தாழ 87 கிலோமீட்டர். வாங்கனூய் ஆற்றின் மொத்த நீளம் 290 கிலோமீட்டர். தொங்கரீரோ மலையில் பிறந்து, காடுகளின் நடுவே வளைந்து வளைந்து ஓடிக் கடலில் கலக்கிறது. நியூசிலாந்தின் மூன்றாவது நீளமான ஆறு அது.

எங்கள் உடைமைகளை எல்லாம் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பீப்பாய்களில் அடைத்து, படகில் கயிற்றால் கட்டினோம். படகு கவிழ்ந்தாலும் உள்ளே தண்ணீர் புகாது. பிறகு அக்கா எங்கள் நால்வரையும் இரண்டு படகுகளுக்குப் பிரித்தார்.

"எனக்குக் கொஞ்சம்தான் நீந்தத் தெரியும், அக்கா. குளத்தில் என்றால் சமாளிப்பேன். ஓடும் தண்ணீரில் எனக்குப் பழக்கமே இல்லை" என்றாள் மூவார், எந்தக் கூச்சமும் இல்லாமல்.

"சரி, நீ என்னோடு வா" என்றார் அக்கா. கரையிலேயே அவளை உட்காரவைத்து, தண்ணீரில் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பத்து நிமிடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "நீங்கள் இருவரும் நன்றாக நீந்துவீர்கள். அதனால் சாப்பாட்டுப் பீப்பாய்களும் அடுப்பும் உங்கள் படகில் இருக்கட்டும். பாரம் கூடுதல்தான், சமாளித்துக்கொள்ளுங்கள்."

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். மாறாக, மிதவை அங்கியின் வாரை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

முதல் நாள் ஆறு எங்களிடம் அன்பாகவே நடந்துகொண்டது. காலைப் பனிமூட்டத்தில் தண்ணீர் எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இருபுறமும் செங்குத்தான களிமண்பாறைச் சுவர்கள். அவற்றின் மேல் பாசியும் பெரணியும் போர்த்திக் கிடந்தன. தென்னை மரம்போல் உயர்ந்த மரப் பெரணிகளைப் பார்த்ததும் கேமரன் மலைக்குப் போன நினைவு வந்தது. மழை பெய்திருந்ததால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு சிறு அருவி பாறையிலிருந்து நேராக ஆற்றில் விழுந்தது. காட்டு ஆடுகள் கரையோரப் பாறையில் நின்று எங்களை வேடிக்கை பார்த்தன.

கேனோவில் பின்னால் அமர்பவரே படகின் திசையைத் தீர்மானிப்பவர். முன்னால் அமர்பவர் துடுப்பை வலித்து வேகம் கொடுக்க வேண்டும். எதிரே பாறையோ மரமோ இருந்தால் குரல் கொடுக்க வேண்டும். தைப்பிங் பின்னால், நான் முன்னால். தொடக்கத்தில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் படகு வட்டமடித்தது. ஒரு மணி நேரத்தில் இருவரின் துடுப்பும் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொட்டன.

ஆங்காங்கே ஆறு குறுகி, கற்களின் மேல் நுரைத்துக்கொண்டு வேகமாகப் பாயும். இப்படிப்பட்ட விரைவோட்டங்கள் அந்த ஆற்றில் ஏராளம். நுரைக்கு நடுவே 'வி' எழுத்துபோல் வழவழப்பான நீர்ப்பரப்பு தெரிந்தால், அதன் கூர்முனை நம் போக்கிலேயே நீட்டிக்கொண்டிருந்தால், அதுதான் ஆழமான வழி. அதன் நடுவே படகைச் செலுத்த வேண்டும். முதல் விரைவோட்டத்தில் படகு குலுங்கியபோது என் இதயம் தொண்டைக்கு வந்துவிட்டது. கடந்ததும் எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். நானும் கத்தினேன். 'இவ்வளவுதானா? இதற்கா பயந்தேன்?' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. விரல்கள் மரத்துப்போய், துடுப்பைப் பிடித்திருக்கிறேனா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் அறிய முடிந்தது. மாலையில் ஜான் கூல் குடிலை அடைந்தோம். கரையிலிருந்து குடிலுக்குப் பீப்பாய்களைத் தூக்கிக்கொண்டு ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. படகுகளையும் மேலே இழுத்துக் கட்டச் சொன்னார் அக்கா. "இந்த ஆறு ஓரிரவில் சில மீட்டர் உயர்ந்துவிடும். கீழே விட்டால் காலையில் படகு இருக்காது." அன்றிரவு நாங்கள் சமைத்த மெகி மீயும் வீட்டிலிருந்து வந்த நெத்திலி சம்பலும் எந்த விருந்திலும் நான் காணாத சுவையாக இருந்தன.

என் சட்டைகள் எல்லாம் பருத்தி. நனைந்த பருத்தி உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு கதகதப்பாக இருக்கும். இது எனக்குத் தெரியாது. நான் நடுங்குவதைப் பார்த்த தைப்பிங், தன்னிடம் இருந்த இரண்டு கம்பளிச் சட்டைகளில் ஒன்றை எடுத்து என் மடியில் போட்டான். "யானைக்குக் குளிருமா?" என்று மட்டும் கேட்டான்.

இரண்டாம் நாள் வழியில் மங்காபுருவா என்ற இடத்தில் படகைக் கட்டிவிட்டு, காட்டுப் பாதையில் முக்கால் மணி நேரம் நடந்தோம். அங்கே, சுற்றிலும் காடு மண்டிய ஒரு பள்ளத்தாக்கின் நடுவில், ஒரு பெரிய கான்கிரீட் பாலம் நின்றது. அதன் இருபுறமும் வாகனச் சாலை கிடையாது. 'எங்கும் போகாத பாலம்' என்பதே அதன் பெயர்.

முதலாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு அரசாங்கம் அந்தப் பள்ளத்தாக்கில் நிலம் கொடுத்தது. அவர்கள் காட்டை வெட்டி, வீடு கட்டி, ஆடு வளர்த்தார்கள். ஆனால் மண் சரிந்துகொண்டே இருந்தது. நிலம் பயன் தரவில்லை. 1936இல் பாலம் கட்டி முடிந்தபோது பல குடும்பங்கள் வெளியேறிவிட்டன. 1942இல் எஞ்சியவர்களும் போனார்கள். பாலம் மட்டும் நின்றுவிட்டது.

"இந்த நிலம் விவசாயத்துக்கு ஒத்துவராது என்று தொடக்கத்திலேயே யாராவது உண்மையைச் சொல்லியிருந்தால், இத்தனை பேரின் உழைப்பு வீணாகியிருக்காது" என்றார் அக்கா.

நான் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கீழே ஓடிய ஓடையைப் பார்த்தபடி நின்றேன்.

அன்று மாலை தியெக்கே என்ற இடத்தில் தங்கினோம். அது பயணிகள் தங்கும் குடில் மட்டுமன்று. 'மராயெ' எனப்படும் மாவோரி மக்களின் கூடுமிடமும் ஆகும். முற்றத்தில் செதுக்கு வேலைப்பாடுள்ள ஓர் உயரமான மரத்தூண் நின்றது. மூத்த மாவோரி அம்மையார் ஒருவர் எங்களை முறைப்படி வரவேற்றார். அவர்களின் வழக்கப்படி, விருந்தினர் தம் பெயரைச் சொல்வதற்கு முன்னால் தம் மலையையும் ஆற்றையும் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும்.

தைப்பிங் பெருமையோடு மெக்ஸ்வெல் மலையின் பெயரைச் சொன்னான். மூவார் சிரித்துக்கொண்டே, "என் ஊரும் மூவார், என் ஆறும் மூவார்" என்றாள். அக்கா கிள்ளான் ஆற்றைச் சொன்னார். என் முறை வந்தது.

"என் ஆறு டிண்டிங்" என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. ஒருமுறைகூடக் கால் நனைக்காத ஆற்றை 'என் ஆறு' என்று எப்படிச் சொல்வது?

இரவு உணவுக்குப் பின் அந்த அம்மையார் எங்களோடு பேசிக்கொண்டிருந்தார். வாங்கனூய் மக்களுக்கு ஆறு என்பது வெறும் தண்ணீர் அன்று. அது அவர்களின் மூதாதை. ஆறும் தாமும் வேறு வேறு இல்லை என்பது அவர்களின் நம்பிக்கை. அந்த உரிமைக்காக 1870களிலிருந்தே அவர்கள் அரசாங்கத்திடம் முறையிட்டு வந்தார்கள். 2017ஆம் ஆண்டில் நியூசிலாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, வாங்கனூய் ஆற்றை ஒரு மனிதருக்குரிய சட்ட உரிமைகள் கொண்டதாக ஏற்றுக்கொண்டது. ஆற்றின் சார்பில் பேச இருவர் நியமிக்கப்படுகிறார்கள்.

"ஆற்றிடம் பொய் சொல்ல முடியாது, பிள்ளைகளே" என்றார் அவர், பேச்சோடு பேச்சாக. "உன் படகில் எவ்வளவு பாரம், உன் கையில் எவ்வளவு பலம் என்பதெல்லாம் அதற்குத் தெரிந்துவிடும்."

எல்லாரும் தலையசைத்தார்கள். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. பக்கத்துப் படுக்கையில் தைப்பிங் விழித்திருந்தான். "என்ன, சித்தியவான், குளிருகிறதா?" என்று கேட்டான். 'இல்லை, எனக்கு நீந்தத் தெரியாது' என்ற சொற்கள் நாக்கு நுனிவரை வந்தன. "ஒன்றுமில்லை, தூங்கு" என்றேன்.

மூன்றாம் நாள். பிப்பிரிக்கிக்கு இன்னும் இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மழையால் ஆறு பெருகியிருந்தது. இந்தப் பகுதியில்தான் அந்தப் பயணத்தின் பெரிய விரைவோட்டங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றான ஔதாபுவுக்குப் பயணிகள் 'ஐம்பதுக்கு ஐம்பது' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். போகிற படகுகளில் பாதி கவிழ்ந்துவிடுமாம்.

முதலில் அக்காவும் மூவாரும் போனார்கள். அலைகளுக்கிடையே படகு எழுந்து எழுந்து விழுந்தது. மூவார் படகில் மண்டியிட்டு, சொல்லிக் கொடுத்தபடி துடுப்பை நிறுத்தாமல் வலித்தாள். இருவரும் கடந்துபோய், கீழே நீர் அமைதியாகத் தேங்கும் ஓரத்தில் படகை நிறுத்திக் கையசைத்தார்கள்.

"நாமும் போகலாம். மண்டியிட்டுக்கொள். என்ன நடந்தாலும் துடுப்பை விடாதே" என்றான் தைப்பிங்.

முதல் அலை என் மடியில் கொட்டியது. இரண்டாவது அலை முகத்தில் அடித்தது. மூன்றாவது அலை சுவர்போல் எழுந்து வந்தபோது, என் மாமாவின் படம் கண்முன்னே வந்தது. துடுப்பை விட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தேன். அவ்வளவுதான். பாரம் ஏற்றிய படகு அந்தப் பக்கமே உருண்டது.

அந்தத் தண்ணீரின் குளிரை எப்படி விளக்குவது? அது குளிராகத் தெரியவில்லை, அடியாகத்தான் தெரிந்தது. மூச்சு தானாகவே உள்ளே இழுத்துக்கொண்டது. வெளியே விட முடியவில்லை. மிதவை அங்கி என்னை மேலே தூக்கியது. ஆனால் அங்கிக்கு மிதக்கத்தான் தெரியும். என் பயத்தை அடக்க அதற்குத் தெரியாது. நான் கைகளை அடித்துக்கொண்டேன். காலுக்கடியில் கல் தட்டியதும் எழுந்து நிற்க முயன்றேன்.

"நிற்காதே! காலை ஊன்றாதே! கல்லில் மாட்டிக்கொள்ளும்! மல்லாந்து மித!" என்று தைப்பிங் கத்தியது கேட்டது. ஆனால் மல்லாந்து மிதப்பது எப்படி என்று எனக்குத் தெரியாதே! அவன் ஒரு கையால் படகைப் பிடித்திருந்தான். என்னைப் பார்த்தான். அந்த ஒரு பார்வையிலேயே அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. படகை விட்டுவிட்டு என்னை நோக்கி நீந்தி வந்தான்.

என் அங்கியின் தோள்வாரைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தான். "காலை மேலே தூக்கு. வானத்தைப் பார். மூச்சை மெதுவாக விடு. நான் பிடித்திருக்கிறேன்" என்று காதருகே சொல்லிக்கொண்டே இருந்தான். வானம் சாம்பல் நிறமாக இருந்தது. அதை மட்டும் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு பாறையருகே என்னைத் தள்ளிவிட்டான். நான் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அந்தத் தள்ளலில் அவன் பின்னுக்குப் போனான். நீரோட்டம் அவனை மீண்டும் இழுத்துக்கொண்டு போயிற்று.

அக்கா படகை வேகமாகச் செலுத்தி, வெகுதூரம் தள்ளி அவனைப் பிடித்தார். கவிழ்ந்த எங்கள் படகு தானாகவே மிதந்து போய்க் கரையோரக் கிளையொன்றில் மாட்டி நின்றது.

கரையேறியபோது தைப்பிங்கின் உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. வலக்கை பாறையில் உரசித் தோல் கிழிந்திருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தான், சொற்கள் குழறின. அக்கா ஒரு நொடியும் வீணாக்கவில்லை. பீப்பாயைத் திறந்து, அவனுடைய ஈர உடைகளை மாற்றி, தலையில் கம்பளித் தொப்பி மாட்டி, தூங்கும் பைக்குள் நுழைத்தார். மூவார் அடுப்பைப் பற்றவைத்து மைலோ கலக்கினாள். நான் அவன் கம்பளிச் சட்டையைக் கழற்றிப் பிழிந்தபடி, எதுவும் செய்யத் தெரியாமல் நின்றேன்.

கால் மணி நேரத்துக்குப் பிறகு அவன் உடல் உதறத் தொடங்கியது. "உதறுவது நல்லது. உடம்பு தன்னைத்தானே சூடாக்கிக்கொள்கிறது" என்றார் அக்கா. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

"எனக்கு நீந்தத் தெரியாது" என்றேன். "பாரத்தில் பொய் சொல்லிவிட்டேன். முதல் நாளும் சொல்லவில்லை. நேற்றிரவும் சொல்லவில்லை."

யாரும் பேசவில்லை. ஆற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. அக்கா மைலோ குவளையை என் கையில் கொடுத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "நீந்தத் தெரியாதது தப்பில்லை. மூவாருக்கும் சரியாகத் தெரியாதுதான். ஆனால் நீ சொன்னதை நம்பித்தானே நான் கணக்குப் போட்டேன்? யார் யாரோடு போவது, எந்தப் படகில் எவ்வளவு பாரம் ஏற்றுவது எல்லாம் அந்தக் கணக்குதான். தவறான எண்ணைக் கொடுத்துவிட்டால் விடை எப்படிச் சரியாக வரும்? அந்தத் தவறான விடைக்கு இவன் உயிரைக் கொடுத்திருப்பான்."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தித் திட்டியிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

தைப்பிங் தூங்கும் பைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டினான். "சித்தியவான், உங்கள் ஊர்க் கதையில் ஒன்று விட்டுப்போய்விட்டது" என்றான், நடுங்கும் குரலில். "சேற்றில் சிக்கிய யானை 'நான் சிக்கிக்கொண்டேன்' என்று பிளிறியிருக்க வேண்டும். அதனால்தான் மற்ற யானை வந்தது. நீ பிளிறவே இல்லையே!"

மூவார் சிரித்துவிட்டாள். நானும் அழுதுகொண்டே சிரித்தேன்.

பிறகு அக்கா மறுபடியும் கணக்குப் போட்டார். இந்த முறை சரியான எண்களை வைத்து. பாரத்தை இரண்டு படகுகளுக்கும் சமமாகப் பிரித்தார். என்னைத் தம் படகின் முன்பக்கத்தில் உட்காரவைத்தார். புறப்படுவதற்கு முன், இடுப்பளவு ஆழமுள்ள அமைதியான தண்ணீரில் என்னை இறக்கி, மல்லாந்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டி மிதக்கச் சொல்லிக் கொடுத்தார். தண்ணீர் அதே குளிர்ந்த தண்ணீர்தான். ஆனால் இப்போது என் இரகசியம் எனக்கு மட்டும் பாரமாக இல்லை. பிற்பகலில் பிப்பிரிக்கியை அடைந்தபோது, மேகம் விலகி வெயில் அடித்தது. தைப்பிங் வெயிலில் கையை நீட்டிக் காயவைத்துக்கொண்டான். அந்தக் காயத்தின் தழும்பு இன்றும் அவன் மணிக்கட்டில் இருக்கிறது.

அடுத்த வாரமே நகரின் நீச்சல் குளத்தில் சேர்ந்தேன். தொடக்க வகுப்பில் என்னோடு இருந்தவர்கள் எல்லாம் ஆறேழு வயதுக் குழந்தைகள். அங்கேயும் ஒரு பாரம் கொடுத்தார்கள். அதே கேள்வி, அதே இரண்டு கட்டங்கள். இந்த முறை 'தெரியாது' என்ற கட்டத்தில் குறியிட்டேன். பேனா கொஞ்சமும் நடுங்கவில்லை. குழந்தைகள் என்னை விநோதமாகப் பார்த்தார்கள். ஒரு சிறுமி, "பயப்படாதே, முதலில் எனக்கும் தெரியாது" என்று தைரியம் சொன்னாள். 25 மீட்டர் நிற்காமல் நீந்த எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

படிப்பை முடித்து ஊர் திரும்பிய பிறகு, ஒரு மாலையில் அம்மாவை டிண்டிங் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனேன். அம்மா முதலில் வர மறுத்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அங்கே அமர்ந்து, வாங்கனூயில் நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அம்மா நெடுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் மாமாவுக்கும் நீந்தத் தெரியாது" என்றார் கடைசியில். "கூட்டாளிகளிடம் தெரியும் என்று சொல்லியிருந்தானாம்."

இத்தனை ஆண்டுகளில் அம்மா அதை என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. இருவரும் படித்துறையில் இறங்கிக் கால்களை நனைத்துக்கொண்டோம். டிண்டிங் ஆற்று நீர் வெதுவெதுப்பாக இருந்தது. இனி யாராவது என் ஆறு எது என்று கேட்டால், குரல் தடுமாறாமல் சொல்வேன்.